மண் தந்ததும் மக்கள் காத்ததும்: வோல்தெரா நகரின் தொன்மையும் கலையும்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், சேச்சினா, ஏரா ஆகிய இரு ஆறுகளின் பள்ளத்தாக்குகளுக்கு இடையே, கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், ஒரு குன்றின் முகட்டில் அமைந்திருக்கிறது வோல்தெரா. இன்று ஏறத்தாழப் பத்தாயிரம் மக்களே வாழும் இச்சிறு நகரம், மூவாயிரம் ஆண்டுகளாக மனிதக் குடியிருப்பு அறாமல் தொடர்ந்து வந்த இடமாகும். ரோமானியர் தலையெடுப்பதற்கு முன்பு நடு இத்தாலியில் செழித்திருந்த எத்ருஸ்கர் என்னும் மக்களின் தலையாய நகரங்களுள் ஒன்றாகவும், பின்னர் ரோமானியப் பேரரசின் நகராட்சியாகவும், இடைக்காலத்தில் தன்னாட்சி பெற்ற நகரவையாகவும், அதன்பின் புளோரன்ஸின் ஆட்சிக்கு உட்பட்ட ஊராகவும் அது மாறி மாறி வாழ்ந்திருக்கிறது. இந்த நான்கு காலங்களின் எச்சங்களும் ஒரே குன்றின்மேல், பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகவே, இன்றும் காணக்கிடைக்கின்றன.

இத்தகைய ஊர்களைப் பற்றி எழுதுவோர், காலம் அவற்றைத் தொடாமல் விட்டுவிட்டது என்று சொல்வது வழக்கம். வோல்தெராவின் வரலாறு அதற்கு நேர்மாறானது. காலம் இந்நகரைத் தொட்டது மட்டுமன்று, முற்றுகையாகவும் கொள்ளையாகவும் மண்சரிவாகவும் போராகவும் வந்து அதன் பெரும்பகுதியைக் கொண்டும் போயிற்று. இங்கே எஞ்சியிருப்பவை தற்செயலாக எஞ்சியவை அல்ல. குன்றின் மண் தந்த பொருள்கள் எவை, அவற்றை வெளியார் எவ்வாறு பறிக்க முயன்றனர், ஊரார் எவற்றைக் காப்பதெனத் துணிந்தனர் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்நகரின் கலைமரபு முழுமையாக விளங்கும். அவற்றுள் மூன்றாவதே முடிவான காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

குன்றும் மதிலும்

வோல்தெரா நிற்கும் குன்றின் அடிப்பகுதி, பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே பரவியிருந்த கடல் விட்டுச்சென்ற களிமண்ணால் ஆனது. அதன்மேல் மணற்படுகையும், மணற்படுகையின்மேல் சிப்பி ஓடுகள் கலந்த, மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறமுடைய ஒருவகைக் கடற்பாறையும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. உள்ளூரார் ‘பங்கீனா’ என்றழைக்கும் இந்தப் பாறையே எத்ருஸ்கர் காலத்து மதிலுக்கும் இடைக்காலத்து மாளிகைகளுக்கும் கல்லாயிற்று. சுற்றுப்புற நிலத்தில் செம்பு, உப்பு ஊற்றுகள், படிகாரம், அலபாஸ்டர் ஆகியவையும் கிடைத்தன. அலபாஸ்டர் என்பது நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட்டால் ஆன ஜிப்சத்தின் மென்மையான வடிவம். பளிங்கை ஒத்த தோற்றம் உடையதாயினும் நகத்தால் கீறினாலே தடம் படும் அளவுக்கு மெத்தென்றிருப்பது. மெல்லிய தகடாகச் செதுக்கினால் ஒளியைத் தன்னூடே கசியவிடுவது. இந்த ஊரின் செல்வமும் கலையும் துயரமும் இப்பொருள்களைச் சுற்றியே நிகழ்ந்தன.

கி.மு. ஒன்பது, எட்டாம் நூற்றாண்டுகளில் இக்குன்றில் சிறு சிறு குடியிருப்புகள் இருந்தன என்பதை, இறந்தோரின் சாம்பலை இட்டுப் புதைத்த மண்தாழிகள் காட்டுகின்றன. அக்குடியிருப்புகள் காலப்போக்கில் ஒன்றிணைந்து, வெலத்ரி என்று எத்ருஸ்கர் வழங்கிய நகரமாயின. கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவிலே திதே என்பவரின் நினைவுக்கல், நீண்ட கூந்தலுடன் ஆயுதமேந்தி நிற்கும் வீரனின் பக்கவாட்டு உருவத்தைத் தாங்கி நிற்கிறது. அவ்வுருவைச் சுற்றி எத்ருஸ்க எழுத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதால், அக்காலத்திலேயே பெயர் பொறித்து நினைவு போற்றப்படும் செல்வக்குடியினர் இங்கு வாழ்ந்தனர் என்பது தெளிவாகிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட மதிலின் சுற்றளவு ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். குடியிருப்பை மட்டுமன்றி வயல்களையும் ஊற்றுகளையும் மேய்ச்சல் நிலத்தையும் உள்ளடக்கிக் கட்டப்பட்ட அம்மதில், நீண்ட முற்றுகையைத் தாங்கும் நோக்கம் கொண்டிருந்தது. இடைக்காலத்தில் ஊரார் கட்டிய மதில் அதன் பாதியளவு கூட இல்லை என்பதிலிருந்து, பண்டைய நகரம் எவ்வளவு பெரியதாயிருந்தது என்பதை உணரலாம்.

வளைவு வாயில்

அப்பண்டைய மதிலில் இன்றும் முழு உருவோடு நிற்பது ‘போர்த்தா அல்லார்கோ’ எனப்படும் வளைவு வாயிலாகும். சாந்து இடாமல் அடுக்கிய பெரும் பங்கீனா கற்களால் இதன் பக்கச்சுவர்கள் அமைந்துள்ளன. மேலே, ஆப்பு வடிவில் செதுக்கிய கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாங்கும் அரைவட்ட வளைவு எழுகிறது. பக்கச்சுவர்கள் எத்ருஸ்கர் காலத்தவை என்றும், வளைவு பிற்காலத்தில் திருத்திக் கட்டப்பட்டது என்றும் கருதுவோர் பலர். வாயிலின் வெளிமுகப்பில், வளைவு தொடங்கும் இரு இடங்களிலும் உச்சியிலுள்ள முடிகல்லிலுமாக மூன்று கருநிறத் தலைகள் துருத்தி நிற்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுக் காற்றும் மழையும் அவற்றின் கண், மூக்கு, வாய் அனைத்தையும் தேய்த்துவிட்டதால், இன்று அவை முகமற்ற உருண்டைகளாகவே தெரிகின்றன. நகரைக் காக்கும் தெய்வங்களின் தலைகள் அவை என்று அறிஞர் பலரும், வெட்டப்பட்ட பகைவரின் தலைகள் என்று வேறு சிலரும் கொள்கின்றனர்.

இத்தலைகளைப் பற்றிய பழைய சான்று ஒன்று ஊரின் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. கிரேக்கத் தொன்மத்தில் வரும் தீப்ஸ் நகர முற்றுகையின்போது, மதிலேறிய கப்பனேயுஸ் என்னும் வீரன் இடியால் தாக்கப்பட்டு வீழ்வதைச் சித்திரிக்கும் ஈமப்பேழைச் சிற்பம் அது. அதில் தீப்ஸின் வாயிலாகச் சிற்பி செதுக்கியிருப்பது மூன்று தலைகள் பதித்த வளைவு வாயிலை. தொலைதூரக் கிரேக்கக் கதைக்குத் தன் ஊர் வாயிலையே பின்புலமாக்கிய அச்சிற்பியின் செயலால், அத்தலைகள் பண்டைக் காலத்திலேயே ஊரின் அடையாளமாகப் போற்றப்பட்டன என்பது உறுதியாகிறது.

இவ்வாயில் இன்று நிற்பதற்கு 1944 ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சியே காரணம். இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகளின் படைகள் நெருங்கியபோது, பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மானியப் படையினர், அப்படைகள் நுழையும் வழியை அடைப்பதற்காக வாயிலை வெடிவைத்துத் தகர்க்க முடிவு செய்தனர். ஊரார் ஜெர்மானியரிடம் மன்றாடி, தகர்ப்பதற்குப் பதிலாகத் தாங்களே வாயிலை அடைத்துத் தருவதாக உடன்பாடு செய்துகொண்டனர். அதற்கு அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஒரே ஒரு நாள். ஜூன் மாத இறுதியில், வாயிலுக்கு இட்டுச்செல்லும் தெருவில் பாவியிருந்த கற்களைப் பெயர்த்தெடுத்துக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து, வளைவின் அடியிலிருந்து உச்சிவரை அடுக்கி அடைத்தனர். போர் கடந்ததும் கற்களை எடுத்துத் தெருவில் மீண்டும் பாவினர். அச்செயலைக் குறிக்கும் கல்வெட்டு வாயிலருகே பதிக்கப்பட்டுள்ளது. அரசரோ அறிஞரோ அன்று, அந்த வழியாக நாள்தோறும் நடந்துசென்ற சாதாரண மக்களே அவ்வாயிலைக் காத்தனர்.

ஈமப்பேழைகளில் வாழும் முகங்கள்

எத்ருஸ்க வோல்தெராவின் கலையுள்ளத்தை நெருங்கிக் காண உதவுபவை ஈமப்பேழைகள். எத்ருஸ்கரின் தென்பகுதி நகரங்கள் பலவற்றில் உடலை முழுதாகப் புதைக்கும் வழக்கம் ஓங்கியிருக்க, வோல்தெராவில் உடலை எரித்துச் சாம்பலைப் பேழையில் இடும் வழக்கம் வேரூன்றியிருந்தது. கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதி முதல் முதலாம் நூற்றாண்டு வரை, முதலில் உள்ளூர்க் கல்லிலும் பின்னர் அலபாஸ்டரிலும் சுடுமண்ணிலுமாக ஏராளமான பேழைகள் இங்கே செய்யப்பட்டன. ஊரின் குவார்னாச்சி அருங்காட்சியகத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவை உள்ளன.

பேழை என்பது ஒரு சிறு பெட்டியும் அதன் மூடியுமாகும். மூடியின்மேல், விருந்தில் சாய்ந்து அமர்ந்திருப்பவரைப்போல இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்திருக்கும் இறந்தவரின் உருவம் செதுக்கப்பட்டிருக்கும். ஆடவர் கையில் கிண்ணமும், பெண்டிர் கையில் விசிறி, ஆடி, மாதுளங்கனி ஆகியவற்றுள் ஒன்றும் இருப்பது மரபு. பெட்டியின் முகப்பில், யுலிசெஸ் கடற்கன்னியரைக் கடந்து செல்வது போன்ற கிரேக்கக் கதைகளும், இறந்தவர் குதிரைமீதோ மூடுவண்டியிலோ மறுவுலகுக்குப் புறப்படும் காட்சியும் புடைப்புச் சிற்பமாக அமையும். அப்பயணத்தில் சிறகு விரித்து வழிகாட்டும் வாந்த் என்னும் பெண் தெய்வமும், சம்மட்டி ஏந்திய சாருன் என்னும் காவலனும் உடன்வருவர். அலபாஸ்டர் மென்மையான கல்லாதலால் ஆடையின் மடிப்பையும் குதிரைப் பிடரியின் இழைகளையும் நுட்பமாகச் செதுக்க முடிந்தது. செதுக்கியபின் வண்ணமும் பொன்முலாமும் பூசப்பட்டதற்கான தடயங்கள் பல பேழைகளில் இன்றும் ஒட்டியிருக்கின்றன.

மூடியில் சாய்ந்திருக்கும் உருவங்களுள் பெரும்பாலானவை பட்டறைகளில் ஒரே அச்சில் வார்த்தாற்போல ஆக்கப்பட்டவை. உடல் சிறுத்தும் தலை பெருத்தும் இருப்பவை. அவற்றினின்று முற்றிலும் விலகி நிற்பது, 1743 இல் ஊலிமேத்தோ இடுகாட்டில் கண்டெடுக்கப்பட்டதும், கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படுவதுமான ‘தம்பதியர் பேழை’யின் சுடுமண் மூடியாகும். வயது முதிர்ந்த கணவனும் மனைவியும் ஒரே மஞ்சத்தில் சாய்ந்திருக்கின்றனர். கணவனின் நெற்றியில் ஆழ்ந்த கோடுகள் ஓடுகின்றன. கன்னம் வற்றி, வாயின் இருபுறமும் தோல் தொங்குகிறது. மனைவியோ தலையைத் திருப்பி, கழுத்தை நீட்டி, அவன் முகத்தையே உற்றுநோக்குகிறாள். முதுமையின் எந்தக் குறையையும் சிற்பி எள்ளளவும் மறைக்கவில்லை. நீண்ட இல்லறத்தில் ஒருவரையொருவர் முழுதும் அறிந்துவிட்ட இருவரின் நெருக்கத்தை, மனைவியின் அந்த ஒரே பார்வையில் வடித்துவிட்டார். பண்டைய மேற்குலகச் சிற்பங்களில் இதற்கு இணையான படைப்புகள் மிகச் சிலவே.

இதே அருங்காட்சியகத்தில் உள்ள மற்றொரு புகழ்பெற்ற பொருள் ‘மாலை நேர நிழல்’ என்று பெயர் பெற்ற வெண்கலச் சிறு சிலை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்நேர்த்திக்கடன் உருவம் ஏறத்தாழ 57 சென்டிமீட்டர் உயரமுடையது. ஆடையற்ற சிறுவன் ஒருவனின் தலையும் பாதமும் இயல்பான அளவில் அமைந்திருக்க, இடையிலுள்ள உடல் மட்டும் மெல்லிய கம்பியாக நீண்டு, கைகள் விலாவோடு ஒட்டிக் கிடக்கின்றன. இருபதாம் நூற்றாண்டுச் சிற்பி ஆல்பெர்த்தோ ஜாகோமெத்தியின் மெலிந்து நீண்ட மனித உருவங்களோடு இதை ஒப்பிடாத கலை வரலாற்று நூல் அரிது.

ரோமானியர் கால எச்சங்கள்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ரோமின் மேலாதிக்கத்தை ஏற்ற வோல்தெரா, கி.மு. 205 இல் ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ ஆப்பிரிக்கப் படையெடுப்புக்குக் கப்பற்படை திரட்டியபோது, கப்பல் கட்டுமானப் பொருள்களும் தானியமும் வழங்கியதாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி குறிப்பிடுகிறார். பின்னர் ரோமின் உள்நாட்டுப் போரில் மாரியுஸ் தரப்புக்கு அடைக்கலம் தந்ததால், எதிர்த்தரப்புத் தலைவர் சுல்லாவின் படைகள் ஏறத்தாழ இரண்டாண்டுகள் நகரை முற்றுகையிட்டன. பண்டை எத்ருஸ்கர் எழுப்பிய மதிலே அவ்வளவு காலம் தாங்கி நின்றது. வீழ்ந்தபின் நகரத்தாரின் குடியுரிமையையும் நிலங்களையும் பறிக்கும் முயற்சி நடந்தது. அதற்கு எதிராக நாவலர் சிசெரோ வாதாடியதும் பரிந்து கடிதம் எழுதியதும் அவருடைய நூல்களில் பதிவாகியுள்ளன. அவர் வாதாடியது சேச்சினா குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்காக. எத்ருஸ்கக் குடியாகத் தோன்றி ரோமானிய உயர்பதவிகளில் அமர்ந்த அக்குடும்பமே, கி.மு. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் ஊரின் வடசரிவில் கல் அரங்கம் ஒன்றைக் கட்டித் தந்தது. குன்றின் சரிவையே இருக்கை வரிசைகளுக்குத் தாங்கலாகக் கொண்ட இவ்வரங்கின் கல்வெட்டு, அக்குடும்பத்தார் இருவரின் பெயரைச் சுமந்திருக்கிறது. மேடைக்குப் பின்னே இரண்டடுக்குத் தூண்வரிசை எழுந்திருந்தது.

அரங்கம் பின்னாளில் கைவிடப்பட்டது. அதை ஒட்டிய தூண்மண்டப வெளியில் குளியற்கூடங்கள் எழுந்தன. இடைக்காலத்தில் அரங்கின் மேற்புறமாகவே நகர மதில் சென்றதால், மதிலுக்கு வெளியே கிடந்த அப்பள்ளம் நூற்றாண்டுக்கணக்கில் ஊரின் குப்பைமேடாயிற்று. அவ்வாறு மூடப்பட்டதே அதற்குக் காப்பாகவும் அமைந்தது. திறந்த வெளியில் கிடந்திருந்தால் அதன் பளிங்கும் கல்லும் பிற கட்டடங்களுக்குப் போயிருக்கும். வோல்தெராவின் வரலாற்றாசிரியரும் அருங்காட்சியக இயக்குநருமான என்ரீக்கோ ஃபியூமி, 1950களின் தொடக்கத்தில் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். ஊரிலிருந்த மனநல மருத்துவமனையின் நோயாளிகளே அதில் தொழிலாளராகப் பங்கேற்றனர். சமூகம் ஒதுக்கிவைத்த மனிதரின் கைகளாலேயே இந்நகரின் மிக அழகிய ரோமானியச் சின்னம் வெளிச்சம் கண்டது என்பதை ஊரார் மறவாமல் போற்றி வருகின்றனர். 2015 இல் ஓடை சீரமைப்புப் பணியின்போது நீள்வட்ட வடிவில் ஒரு விளையாட்டரங்கின் சுவர்கள் தென்பட்டன. ஏறத்தாழ 80 மீட்டர் நீளமுடைய அப்பெருங்கட்டடத்தைப் பற்றி எந்தப் பழைய ஏடும் பேசவில்லை என்பது, இக்குன்றின் மண்ணில் இன்னும் எவ்வளவு மறைந்திருக்கக்கூடும் என்பதைச் சுட்டுகிறது.

நகரவையும் படிகாரப் போரும்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆயரின் அதிகாரத்திலிருந்து மெல்ல விடுபட்ட குடிமக்கள், தங்களுக்குள் தேர்ந்தெடுத்த ஆட்சியர் மூலம் நகரை நடத்தும் நகரவை முறையை நிறுவினர். அதன் இருப்பிடமாக 1208 இல் தொடங்கி 1257 இல் முடிக்கப்பட்ட ‘பிரியோரி மாளிகை’, டஸ்கனியில் எஞ்சியுள்ள நகரவை மாளிகைகளுள் மிகப் பழமையானது. புளோரன்ஸின் புகழ்பெற்ற பழைய மாளிகைக்கு அடிக்கல் இடப்பட்டதே நூற்றாண்டின் இறுதியில், 1299 இல்தான். பங்கீனா கல்லால் ஆன உயர்ந்த முகப்பும் அதன்மேல் எழும் கோபுரமும் கொண்ட அம்மாளிகையில், எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் ஊராட்சி நடைபெற்று வருகிறது.

1361 முதல் புளோரன்ஸின் பிடிக்குள் படிப்படியாக வந்த வோல்தெராவின் தலைவிதியை மாற்றியது படிகாரம். கம்பளித் துணியில் சாயம் ஒட்டிப் பிடிக்கப் படிகாரம் இன்றியமையாதது. நெசவால் வாழ்ந்த புளோரன்ஸுக்கு அது உயிர்நாடி. 1470 அளவில் வோல்தெராவின் நிலத்தில் படிகாரப் படிவம் கண்டறியப்பட்டதும், அதைத் தோண்டும் உரிமையைப் பெற்ற கூட்டாளிகளுக்கும் நகரவைக்கும் பூசல் மூண்டது. புளோரன்ஸை ஆண்ட லொரென்சோ தெ மேதிச்சி அக்கூட்டாளிகளின் பக்கம் நின்றார். பூசல் கலவரமாக, 1472 இல் உர்பீனோவின் தலைவர் ஃபெதெரீக்கோ தா மோந்தெஃபெல்த்ரோவின் தலைமையில் படை அனுப்பப்பட்டது. உயிருக்கும் உடைமைக்கும் உறுதி பெற்றே நகரம் ஜூன் மாதத்தில் சரணடைந்தது. ஆயினும் உள்ளே நுழைந்த படைவீரர்கள் அதைச் சூறையாடினர். எந்தப் படிகாரத்துக்காக அவ்வளவு குருதி சிந்தப்பட்டதோ, அச்சுரங்கம் எதிர்பார்த்த விளைவைத் தராமல் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. நகரின் உச்சியில், புறப்பகைவரை நோக்கியன்றி ஊராரையே கண்காணிக்கும்படி லொரென்சோ எழுப்பிய மாபெரும் கோட்டை மட்டும் நிலைத்து நிற்கிறது. இப்போரின் ஆவணங்களைத் தேடித் தொகுத்து 1948 இல் விரிவான நூல் எழுதியவரும், பின்னர் அரங்கத்தை அகழ்ந்தெடுத்த அதே ஃபியூமிதான்.

தோல்வியின் பின்விளைவு கவனத்திற்குரியது. தன்னாட்சியையும் வருவாயையும் இழந்த நகரம் மேற்கொண்டு வளரவில்லை. வளர்ந்த நகரங்கள் தம் பழைய தெருக்களை இடித்துப் புதுமை தேடிய காலத்தில், வோல்தெராவிடம் இடித்துக் கட்டுவதற்குப் பணம் இல்லை. வறுமை கட்டடங்களைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. ஆனால் வறுமை மட்டும் எதையும் காப்பதில்லை, விற்கவும் தூண்டும். விற்காமல் வைத்துக்கொண்டது ஊராரின் தெரிவு.

சிலுவையிலிருந்து இறக்கப்படும் உடல்

வோல்தெராவின் கிறித்தவக் கலையில் ஒரு காட்சி மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. சிலுவையில் உயிர்நீத்த இயேசுவின் உடலைச் சீடர்கள் கீழே இறக்கும் காட்சி அது. பேராலயத்தில் உள்ள, 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வண்ணமரச் சிற்பத்தொகுதியில், ஏறத்தாழ ஆளுயரமான உருவங்கள் அக்காட்சியை அமைதியோடு நடித்துக் காட்டுகின்றன. மகனின் கையை அன்னை பற்றியிருக்க, துயரம் ஒரு வழிபாட்டுச் சடங்கின் ஒழுங்கோடு வெளிப்படுகிறது. பிரான்சிஸ்கன் தேவாலயத்தை ஒட்டிய சிற்றாலயத்தின் சுவர்களில், சிலுவை மரத்தின் வரலாற்றை 1410 இல் சென்னி தி ஃபிரான்செஸ்கோ ஈரச்சுதை ஓவியங்களாக, அதாவது காயாத சுண்ணப்பூச்சின்மேல் தீட்டி உடன் உலரவிடும் முறையில், வரைந்தார்.

அதே சிற்றாலயத்தின் பக்தர் சபைக்காக 1521 இல் ரோஸ்ஸோ ஃபியோரெந்தீனோ பலகையில் தீட்டிய ஓவியம், இப்பொருளை அதுவரை எவரும் காணாத வகையில் காட்டியது. ஆழமற்ற, அசைவற்ற நீலவானத்தின் முன்னே சிலுவை நிற்கிறது. அதில் சாத்திய ஏணிகளில் தொற்றிக்கொண்டிருக்கும் ஆடவர்கள், காற்று ஆடையைப் பறிக்க, ஒருவர்மேல் ஒருவர் கத்துவதுபோல் வாய் திறந்து தடுமாறுகின்றனர். பச்சை படர்ந்த இயேசுவின் உடல் அவர்கள் கைகளிலிருந்து எந்தக் கணமும் நழுவிவிடும் எனத் தோன்றுகிறது. கீழே, செவ்வாடை அணிந்த மகதலா மரியா முழந்தாளிட்டு அன்னையின் கால்களைத் தழுவிக்கொள்கிறாள். அவளுடைய ஆடையின் மடிப்புகள் துணியாக வளையாமல், உளியால் வெட்டிய கல்லின் விளிம்புகளாக முறிகின்றன. வலப்புறம் யோவான், இரு கைகளாலும் முகத்தை மூடிக் குனிந்து, அக்காட்சியிலிருந்தே விலகி நடக்கிறார். உடலின் அளவொழுங்கும் வெளியின் ஆழமும் மறுமலர்ச்சி ஓவியத்தின் இலக்கணங்களாயிருந்தன. அவற்றை வேண்டுமென்றே மீறி, உணர்ச்சியின் கூர்மைக்காக உருவத்தை நீட்டியும் முறித்தும் காட்டிய ‘மேனரிசம்’ என்னும் பாணியின் முதல் பெரும்படைப்புகளுள் இது ஒன்று. இத்தாலியத் திரைப்பட இயக்குநர் பியெர் பாவ்லோ பசோலினி 1963 இல் எடுத்த ‘லா ரிகோத்தா’ என்ற குறும்படத்தில் உயிருள்ள நடிகர்களைக்கொண்டு மறுபடி நிறுத்திக் காட்டிய ஓவியங்களுள் இதுவும் இடம்பெற்றது.

புளோரன்ஸ் நகரத்து ஓவியர் ஒருவர், அந்நகரின் சுவையினின்று இவ்வளவு விலகிய படைப்பை அதன் ஆட்சிக்கு உட்பட்ட ஒரு சிற்றூரின் பக்தர்களுக்கு வழங்கினார், அவர்களும் அதை ஏற்றுத் தங்கள் பலிபீடத்தின்மேல் நிறுத்தினர். ஊரின் மைந்தரும் மைக்கலாஞ்சலோவின் அணுக்கருமான தானியேலெ தா வோல்தெரா, ரோம் நகரின் திரினித்தா தெய் மோந்தி தேவாலயத்தில் தீட்டிய மிகச் சிறந்த சுவரோவியமும் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சியே ஆகும். மூன்று நூற்றாண்டுகளாக நின்ற மரச்சிற்பத்துக்கும் பின்னர் வந்த ரோஸ்ஸோவின் பலகைக்கும் நடுவே அவர் வளர்ந்த ஊர் அது என்பதை எண்ணும்போது, சிறு நகரம் பெருநகரக் கலையை வாங்கிக்கொள்ளும் இடம் மட்டுமன்று, கலைஞரை உருவாக்கும் இடமும் ஆகும் என்பது புலனாகிறது.

பொய்யேடுகளும் பொது அருங்காட்சியகமும்

தொன்மையின்மீது கொண்ட பற்று இந்த ஊரில் தவறான வழியிலும் சென்றதுண்டு. 1634 இல் குர்ட்சியோ இங்கிராமி என்னும் இளைஞர், ஊருக்கு அருகிலுள்ள தம் குடும்பப் பண்ணையில் பழங்கால எத்ருஸ்க ஏடுகள் அடங்கிய உருண்டைகளைக் கண்டெடுத்ததாக அறிவித்து, பின்னர் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். எத்ருஸ்கர் துணியேட்டில் எழுதினரேயன்றிக் காகிதத்தில் எழுதியதில்லை என்பன போன்ற காரணங்களைக் காட்டி லியோனே அல்லாச்சி முதலிய அறிஞர்கள் அவை போலி என நிறுவினர். நகரின் பழம்பெருமையை மீட்க முனைந்த பொய் அது. எனினும் அதை மறுக்க எழுந்த விவாதம், சான்றைச் சோதித்தே பழமையை ஏற்க வேண்டும் என்ற நெறியைக் கூர்மைப்படுத்தியது.

அந்நெறியின் நற்பயன் அடுத்த நூற்றாண்டில் விளைந்தது. கல்லறைகள் தோண்டப்பட்டுப் பேழைகள் வெளியூர்ச் சேகரிப்பாளரிடம் விலைபோய்க்கொண்டிருந்த காலத்தில், மாரியோ குவார்னாச்சி என்னும் குருவானவர் தம் செல்வத்தை அகழ்வுக்கும் சேகரிப்புக்கும் செலவிட்டார். 1761 இல் தம் தொகுப்பு முழுவதையும், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் கொண்ட நூலகத்தையும் தம் உறவினருக்கோ அரசருக்கோ அல்லாமல் ‘வோல்தெராவின் குடிமக்களுக்கு’ வழங்கினார். ஐரோப்பாவின் மிகப் பழைய பொது அருங்காட்சியகங்களுள் ஒன்று இவ்வாறு ஒரு சிற்றூரில் தோன்றியது. கலைப்பொருள் அரண்மனைக்குரியது என்ற எண்ணம் மேலோங்கியிருந்த நாளில், அது ஊராருக்குச் சொந்தமானது என்று சட்டப்படி எழுதி வைத்த இச்செயலே தம்பதியர் பேழை இன்றும் அது கிடைத்த மண்ணிலேயே இருப்பதற்கு அடிப்படை. அத்தகைய ஏற்பாடு இல்லாதபோது நேர்வது என்ன என்பதற்கு, 1861 இல் கண்டுபிடிக்கப்பட்ட இங்கிராமி கல்லறை சான்று. பல தலைமுறைப் பேழைகள் வட்டமாக நிரம்பிய அக்கல்லறை இன்று புளோரன்ஸின் தொல்லியல் அருங்காட்சியகத் தோட்டத்தில் மறுபடி அமைத்துக் காட்டப்படுகிறது.

கல்லுக்கு மீண்ட உயிர்

பேழைக் கலை மறைந்தபின் நெடுங்காலம் ஒடுங்கிக் கிடந்த அலபாஸ்டர் தொழில், 1791 இல் மார்ச்செல்லோ இங்கிராமி ஃபெய் தொடங்கிய பட்டறையால் புத்துயிர் பெற்றது. உருண்டை உருண்டையாகத் தோண்டியெடுக்கப்படும் கல்லைக் கடைசல் எந்திரத்தில் சுழற்றிக் கிண்ணங்களும் விளக்குக் கூடுகளும் செய்வோர், உருவம் செதுக்குவோர், பூவேலை செய்வோர் எனத் தனித்தனித் திறனுடைய கைவினைஞர் உருவாயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வோல்தெராவின் வணிகர்கள் பெட்டி பெட்டியாக அலபாஸ்டர் பொருள்களோடு அமெரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் பயணமாயினர். அவ்வணிகத்தால் செழித்த வீத்தி குடும்பத்தின் மாளிகையில், மெக்சிகோவின் பேரரசர் மாக்சிமிலியனுக்காகச் செய்யப்பட்டு, 1867 இல் அவர் கொல்லப்பட்டதால் அனுப்பப்படாமல் நின்றுபோன பெரிய அலபாஸ்டர் விளக்குத் தண்டுகள் உள்ளன. இன்று பட்டறைகள் குறைந்துவிட்டபோதிலும், வெண்தூசி படிந்த சில கூடங்களில் உளியோசை ஓயவில்லை.

ஒதுக்கப்பட்டோரின் பங்கு

இந்நகரின் கலைமரபைப் பண்டைக் காலத்தோடு முடித்துவிடுவது பிழையாகும். 1978 இல் இத்தாலி மனநல மருத்துவமனைகளை மூடச் சட்டம் இயற்றும்வரை, வோல்தெராவின் மருத்துவமனை அந்நாட்டின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருந்தது. அங்கு அடைக்கப்பட்டிருந்த ஓரேஸ்தே ஃபெர்னாந்தோ நன்னெத்தி, தம் சீருடையின் கொக்கி முனையால் முற்றத்துச் சுவர்ப் பூச்சில் எழுத்துகளையும் உருவங்களையும் கீறிக்கொண்டே வந்தார். பல ஆண்டுகளில் அது ஏறத்தாழ 180 மீட்டர் நீளத்துக்கு வளர்ந்தது. கலைப்பயிற்சியற்ற மனிதர் உள்ளுந்துதலால் படைக்கும் கலைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டாக இன்று கருதப்படும் அச்சுவர், பூச்சு உதிர்ந்து அழிந்துவருவதால் அதன் பகுதிகள் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. லொரென்சோவின் கோட்டையோ இன்று சிறைச்சாலை. அங்கே 1988 இல் அர்மாந்தோ புன்சோ கைதிகளைக்கொண்டு தொடங்கிய நாடகக்குழு, இத்தாலிய அரங்கக்கலையில் மதிப்புமிக்க இடத்தைப் பெற்றிருக்கிறது. ஊரை அடக்கக் கட்டிய கோட்டைக்குள் கலை பிறந்தது வரலாற்றின் ஈடுசெய்தல் எனலாம்.

சரியும் நிலமும் நிலைக்கும் கடமையும்

ஊரின் மேற்கே ‘பால்சே’ எனப்படும் செங்குத்துச் சரிவுகள் உள்ளன. மழைநீர் மேலுள்ள மணற்படுகையில் எளிதில் இறங்கி, அடியிலுள்ள களிமண்ணைத் தாண்ட முடியாமல் அதை இளக்குகிறது. தாங்கல் இழந்த மணலும் பாறையும் பெருந்துண்டுகளாகப் பிளந்து வீழ்கின்றன. எத்ருஸ்கரின் கல்லறைகளும் மதிலின் ஒரு பகுதியும், பதினேழாம் நூற்றாண்டில் பழைய சான் ஜுஸ்தோ தேவாலயமும் இவ்வாறு மறைந்தன. அச்சரிவுகளருகே 1030 இல் நிறுவப்பட்ட துறவிமடம், 1846 இன் நிலநடுக்கத்துக்கும் தொடர்ந்த சரிவுகளுக்கும் பின் துறவியரால் கைவிடப்பட்டது. 2014 ஜனவரியில் பெருமழையால் இடைக்கால மதிலில் ஏறத்தாழ 30 மீட்டர் நீளம் இடிந்து விழுந்தது. நகரைத் தாங்கும் குன்றே நகரை விழுங்கவும் செய்கிறது.

ஆகவே, இங்கு எதுவும் ஒருமுறை காக்கப்பட்டு என்றென்றைக்குமாக நிலைத்ததில்லை. கல்லைத் தந்த மண் கல்லை மீட்டுக்கொள்கிறது. படிகாரத்துக்காக வந்த வல்லரசு ஊரின் உரிமையைப் பறித்தது. சேகரிப்பாளரின் பணம் பேழைகளைத் தொலைதூரம் கொண்டுசென்றது. இவற்றுக்கு எதிரே, தொகுப்பைக் குடிமக்களுக்கு எழுதிவைத்த குவார்னாச்சி, ஆவணத்தையும் மண்ணையும் ஒருசேர அகழ்ந்த ஃபியூமி, அவரோடு மண்ணள்ளிய நோயாளிகள், தெருக்கற்களைச் சுமந்து வாயிலை அடைத்த ஊரார் என ஒவ்வொரு தலைமுறையிலும் சிலர் தங்கள் பங்கைச் செய்தனர். பெருநகரங்களின் கலைச்செல்வத்தை அரசுகளும் நிதியங்களும் காக்கும். சிறு நகரத்தின் செல்வத்தை அங்கு வாழ்வோர் காத்தால்தான் உண்டு. வோல்தெராவின் மதிப்பு அதன் பொருள்களின் பழமையில் மட்டுமன்று, அந்தக் கடமையை ஒரு சிறு மக்கள்தொகை இவ்வளவு நீண்ட காலம் தன்னுடையதென ஏற்றுவந்ததிலும் இருக்கிறது. அதை ஏற்க மறுக்கும் முதல் தலைமுறையோடு அச்செல்வமும் முடிந்துபோகும் என்பதே இந்நகரின் மூவாயிரம் ஆண்டுகள் உலகுக்கு உணர்த்தும் உண்மை.